இடுப்புக்குள் ஓடும் வழிகள்: ஆண்களின் பாலியல் நலமும் ரத்தக்குழாய்களும்

'நரம்பு' என்ற ஒரே சொல்லை நாம் பேச்சில் மூன்று பொருள்களுக்குச் சொல்கிறோம். புறங்கையில் பச்சையாகத் தெரிவதைப் பார்த்து "நரம்பு புடைச்சிருக்கு" என்கிறோம், அது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. நெற்றிப்பொட்டில் துடிப்பதை "நரம்பு துடிக்குது" என்கிறோம்; அது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனி. காலில் நீலமாக முறுக்கிக்கொண்டு நிற்பதை "நரம்பு சுருட்டல்" என்கிறோம், அதுவும் சிரைதான். உண்மையான நரம்போ வெளியே கண்ணுக்குப் படுவதே இல்லை. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உடம்புக்கும் இடையே சேதி கொண்டுபோகும் இழை அது. அதற்குள் ரத்தம் ஓடாது.

மற்ற விஷயங்களில் இந்தக் குழப்பத்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆண்களின் பாலியல் நலத்தில் மட்டும் நிறையக் கெடுத்திருக்கிறது. விறைப்பு சரியாக வரவில்லை என்றதும் 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு பெயர் தயாராக இருக்கிறது. அந்தப் பெயரை ஏற்றுக்கொண்ட மனிதர் வெட்கத்தோடு ஏதேதோ மருந்தைத் தேடிப் போகிறார், ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. நடுவயதைத் தாண்டியவர்களிடம் இந்தக் குறைக்கு மிக அடிக்கடி காணப்படும் உடல்சார்ந்த காரணம் ரத்தக்குழாய் என்பது அவருக்குத் தெரிவதே இல்லை. மனச்சோர்வு, பதற்றம், ஹார்மோன், மெய்யாகவே நரம்பில் வரும் கோளாறு, சில மருந்துகள் எல்லாமே காரணமாகலாம். ஆனாலும் ரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் விட்டால் பெரிய பகுதியையே பார்க்காமல் விட்டதாகும்.

அதனால் இந்தக் கட்டுரையில் ரத்தக்குழாய்களை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். ரத்தம் எந்த வழியாக வருகிறது, எங்கே தங்குகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது. இவ்வளவு மனதில் பதிந்துவிட்டால், இன்று திரையைப் பார்த்தபடி ஊசித்துளை வழியாகச் செய்யும் சிகிச்சைகள் எளிதாகப் புரியும். எது தனக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று மருத்துவரிடம் கேட்கவும் தைரியம் வரும்.

ஊசி, கம்பி, குழாய்

1953-இல் சுவீடனைச் சேர்ந்த ஸ்வென் இவார் செல்டிங்கர் என்ற மருத்துவர் ஒரு முறையை வெளியிட்டார். ஊசியால் ரத்தக்குழாயைக் குத்து. ஊசிக்குள் மெல்லிய கம்பியை விடு. ஊசியை உருவிவிட்டு, அந்தக் கம்பியின் மேலேயே ஒரு மெல்லிய குழாயை ஏற்று. அவ்வளவுதான். கத்தி வைத்துக் கீறாமலேயே ரத்தக்குழாய்க்குள் போக வழி பிறந்துவிட்டது. அந்தக் குழாய்தான் கதீட்டர். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர், காலை வெட்டி எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்ணின் தொடைத் தமனியில் இருந்த அடைப்பை இப்படிக் கதீட்டர் விட்டே விரித்தார். கால் பிழைத்தது. இன்று இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்று ஒரு தனித் துறையே இருப்பதற்கு இந்த இரண்டும்தான் அடித்தளம்.

கதீட்டர் வழியே அயோடின் கலந்த சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் ரத்தக்குழாய்கள் மட்டும் கிளை விரித்த மரம் போலத் திரையில் தெரியும். அதுதான் ஆஞ்சியோகிராம். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். குறுகிய குழாயைப் பலூனாலோ ஸ்டென்ட்டாலோ திறக்கலாம். அல்லது, தேவையில்லாமல் ரத்தம் ஓடும் குழாயைக் 'காயில்' எனப்படும் கம்பிச்சுருள், துகள், நுரை, பசை என்று எதையாவது வைத்து அடைக்கலாம். இந்த அடைப்பு வேலைக்கு எம்போலைசேஷன் என்று பெயர்.

இதயத்தில் அடைப்பை நீக்குவதைக் கேட்டுக் கேட்டு, திறப்பதுதான் வைத்தியம், அடைப்பது ஆபத்து என்று நமக்குப் பழகிவிட்டது. ஆண்களின் இந்தப் பிரச்சினைகளில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். நன்றாகக் கைகொடுக்கும் சிகிச்சைகள் பெரும்பாலும் அடைக்கும் சிகிச்சைகளே. ஏன் என்பது வழியைப் பார்த்தால் தெரியும்.

ஒரு தமனியின் சுற்றுப்பயணம்

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, முதுகெலும்பை ஒட்டியே இறங்கி, கிட்டத்தட்ட தொப்புள் உயரத்தில், நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் முன்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் சற்றுக் கீழே போய் மறுபடி இரண்டாகிறது. வெளிக்கிளை காலுக்குப் போகிறது. உள்கிளை இடுப்புக் குழிக்குள் இறங்கி, சிறுநீர்ப்பை, அதன் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி, மலக்குடல், பிட்டம், பிறப்புறுப்பு எல்லாவற்றுக்கும் ரத்தம் பங்கிடுகிறது. இதை உள் இலியாக் தமனி என்பார்கள். கால் அளவுக்குப் பெரிய உறுப்பு எதுவும் இதன் பொறுப்பில் இல்லை. ஆனால் நாம் பேசவந்த உறுப்புகளில் விந்தகம் தவிர எல்லாமே இதன் பொறுப்பில்தான்.

உள் இலியாக்கின் முன்பிரிவிலிருந்து ஒரு கிளை புறப்படுகிறது. பெயர் உள் பியூடெண்டல் தமனி. ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான பாதை இதுதான். நேராக முன்பக்கம் போயிருக்கலாம்; போவதில்லை. இடுப்புக் குழியை விட்டுப் பின்பக்கமாக வெளியேறி, பிட்டத்தசைக்கு அடியில் ஓர் எலும்பு முனையைச் சுற்றி வளைந்து, வேறொரு வாசல் வழியாகக் கீழே உள்ளே நுழைகிறது. அப்புறம் நாம் உட்காரும் எலும்பின் உட்புறச் சுவரை ஒட்டி ஒரு குறுகிய உறைக்குள் முன்னோக்கி ஓடுகிறது. ஆல்காக் கால்வாய் என்பது அந்த உறையின் பெயர். கூடவே பியூடெண்டல் நரம்பும் ஓடுகிறது.

கையை விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வைத்துப் பார்த்தால் அந்தப் பகுதி எவ்வளவு நெருக்கமானது என்று புரியும். ஒடுக்கமான சைக்கிள் இருக்கையில் மணிக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்கு அங்கே மரத்துப்போவது, இந்த நரம்பும் தமனியும் எலும்போடு சேர்ந்து அழுந்துவதால்தான். மரமரப்பு வந்தால் இறங்கிவிட வேண்டும். பொறுத்துக்கொண்டு ஓட்டுவது வீரம் இல்லை.

உள் பியூடெண்டல் தமனி கடைசியில் ஆணுறுப்புத் தமனியாகி மூன்று கிளைகளாகிறது. ஒன்று சிறுநீர்க்குழாயைச் சுற்றியிருக்கும் பஞ்சுத்திசுவுக்கு. இன்னொன்று உறுப்பின் மேல்புறமாக ஓடி நுனி மொட்டுக்கும் தோலுக்கும். மூன்றாவது, விறைப்புக்குக் காரணமான கேவர்னோசல் தமனி. இது வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. விட்டம் 1 மில்லிமீட்டர் அளவுதான்.

எல்லோருக்கும் இதே படம் என்று நினைத்துவிடக் கூடாது. சிலருக்குத் துணைப் பியூடெண்டல் தமனி என்று ஒன்று, புராஸ்டேட்டை ஒட்டி மேல்வழியாகவே ஆணுறுப்புக்கு வந்துசேரும். சிலருக்கு அதுதான் முதன்மை வழியாகவே இருக்கும். புராஸ்டேட் அறுவைசிகிச்சையில் அது வெட்டுப்பட்டால் விறைப்பு பாதிக்கலாம். 'பாடப்புத்தகப் படம் இது. உங்கள் படம் வேறு' என்பது இந்தத் துறையின் அன்றாட உண்மை. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரைபடம் எடுத்துப் பார்த்த பிறகே கையை வைக்கிறார்கள்.

விறைப்பு என்பது ஒரு பூட்டு

ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் இரண்டு பஞ்சுத் தூண்கள் இருக்கின்றன. கார்ப்பஸ் கேவர்னோசம் என்று பெயர். பஞ்சு என்றால் உண்மையிலேயே பஞ்சு போலத்தான்: மென்தசையால் சுவர் வைத்த ஆயிரக்கணக்கான சிறு அறைகள். சாதாரண நேரத்தில் இந்தத் தசை இறுகியே இருக்கும். கேவர்னோசல் தமனியிலிருந்து பிரியும் சுருள் சுருளான குட்டித் தமனிகளும் மூடியே கிடக்கும். தளர்ந்திருக்கும் உறுப்பில்தான் தசை வேலை செய்துகொண்டிருக்கிறது. விறைத்த உறுப்பில் அந்தத் தசை ஓய்வெடுக்கிறது. முதன்முறை கேட்பவர்களுக்கு நம்பவே கடினமாக இருக்கும். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

பாலியல் கிளர்ச்சியில் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன. ரத்தக்குழாயின் உள்தோலும் அதையே சுரக்கிறது. அது தசையைத் தளர்த்துகிறது. சுருள் தமனிகள் நிமிர்கின்றன, அறைகளுக்குள் ரத்தம் பாய்கிறது. நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாய்களுக்குச் சேதி சொல்லும் பொருள் என்று கண்டதற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் சில்டெனாஃபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரை நைட்ரிக் ஆக்சைடின் விளைவைக் கொஞ்ச நேரம் கலையாமல் பிடித்துவைக்கிறது. கிளர்ச்சியே இல்லாதபோது அது எதையும் உண்டாக்காது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது; ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும்.

ரத்தம் வந்தால் மட்டும் போதாது, தங்க வேண்டும். அந்தப் பஞ்சுத் தூண்களைச் சுற்றி வெள்ளையான, உறுதியான ஓர் உறை இருக்கிறது. டியூனிகா என்பார்கள். பஞ்சு நிரம்பி உப்பும்போது, பஞ்சுக்கும் உறைக்கும் நடுவே ஓடும் சின்னச் சிரைகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. உள்ளே வரும் வழி திறந்திருக்கிறது, வெளியே போகும் வழி அடைபட்டுவிட்டது. உள்ளழுத்தம் ரத்த அழுத்தத்தின் மேல் அளவை எட்டிப்பிடிக்கிறது. உறுப்பு உறுதியாக நிற்கிறது. சிரைக்கென்று தனிக் கதவோ வால்வோ எதுவும் இந்த வேலையைச் செய்வதில்லை. உப்பும் பஞ்சேதான் பூட்டு.

ஆக, பிரச்சினை எங்கே வரலாம்? வரத்து குறையலாம். பூட்டு விழாமல் ஒழுகலாம். அல்லது எதிர்மாறாக வரத்து கட்டுமீறிப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

வரத்து குறைந்தால்

புகை, சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவை ஏதோ ஓர் உறுப்பின் தமனியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கெடுப்பதில்லை. இவற்றால் எல்லாத் தமனிகளிலும் கொழுப்பு படிகிறது. ஆனால் 3 முதல் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள இதயத் தமனி தாங்கும் அளவு படிவை 1 அல்லது 2 மில்லிமீட்டர் ஆணுறுப்புத் தமனி தாங்காது. அதனால் பலருக்கு விறைப்புக் குறைவு முதலில் வருகிறது. நெஞ்சுவலி பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் கழித்து வருகிறது. இதை நான் எங்கே பேசினாலும் அழுத்திச் சொல்வேன். நடுவயதில் காரணம் தெரியாமல் விறைப்பு குறைந்தால், இதயத்தையும் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தே ஆக வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் அந்த விஷயம் உயிரைக் காப்பாற்றும் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

அடைப்பு இன்னும் மேலே, பெருந்தமனி பிரியும் இடத்திலேயே இருக்கலாம். நடந்தால் பிட்டத்திலும் தொடையிலும் வலி, இடுப்பு மடிப்பில் துடிப்பு தெரியாமை, கூடவே விறைப்பின்மை. மூன்றும் சேர்ந்து வருவதை விளக்கிய ரெனே லெரிஷ் என்ற பிரெஞ்சு அறுவைமருத்துவரின் பெயரே அந்த நோய்க்கு வந்துவிட்டது. அங்கே குழாய் பெரியது. ஸ்டென்ட் வைப்பதும் மாற்றுக்குழாய் இணைப்பதும் நன்கு தேறிய சிகிச்சைகள். கால் வலியோடு விறைப்பும் சிலருக்குத் திரும்புகிறது.

சின்னத் தமனிகளின் நிலையை எப்படி அறிவது? டாப்ளர் ஸ்கேன். உறுப்பின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய ஊசியால் தமனியை விரிக்கும் மருந்தைப் போட்டுவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேவர்னோசல் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். திரையில் ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் ஒரு சிகரம் எழும். சிகரத்தின் உயரம் வினாடிக்கு 25 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் வரத்து போதவில்லை. 35-ஐத் தாண்டினால் நல்ல வரத்து. அடுத்து சிகரங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். பூட்டு விழுந்துவிட்டால் இரு துடிப்புகளுக்கு இடையில் ரத்தம் நகர இடமே இராது. பள்ளம் தரையைத் தொடும், சில வேளை கோட்டுக்குக் கீழேயும் போகும். வரத்து நன்றாக இருந்தும் பள்ளத்தில் வேகம் 5 சென்டிமீட்டருக்கு மேலேயே நின்றால், எங்கோ ஒழுகுகிறது.

ஒரு எச்சரிக்கை. குளிரூட்டிய அறையில், அறிமுகமில்லாதவர்கள் முன்னால், ஊசி குத்திய நிலையில் படுத்திருப்பவருக்குப் பதற்றம் இருக்கத்தான் செய்யும். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் தசையை இறுக்கிவிடும். அப்போது நல்ல உறுப்பும் 'ஒழுகுவது' போலவே திரையில் தெரியும். அதனால் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து, அதுவும் இளம் வயதினருக்கு, சிரை ஒழுக்கு என்று முத்திரை குத்துவது நியாயமில்லை. தனிமையும் நேரமும் கொடுத்து, தேவைப்பட்டால் மருந்தை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். வந்ததும் மருந்து போட்டு ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்ட ஸ்கேன் என்றால் கேள்வி கேளுங்கள்.

சரி, பியூடெண்டல் தமனியிலேயே பலூனும் ஸ்டென்ட்டும் வைக்க முடியாதா? முயன்றிருக்கிறார்கள், முயன்றுகொண்டும் இருக்கிறார்கள். தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் பலன் தெரிந்த ஆய்வுகளும் உண்டு. ஆனால் குழாய் சிறியது, வளைவு அதிகம், உட்காரும்போதெல்லாம் அழுந்தும் இடம், திறந்த இடம் மீண்டும் குறுகிவிடும் வாய்ப்பும் அதிகம். சர்க்கரை நோயாளிக்குத் தமனியைத் திறந்தாலும் அதற்கு அப்பால் இருக்கும் பஞ்சே கெட்டிருக்கலாம். அதனால் இது இன்னும் எல்லோருக்குமான வழக்கமான சிகிச்சையாகவில்லை. மாத்திரை, ஊசி, வெற்றிடக் கருவி, செயற்கை உறுப்புப் பொருத்துதல் என்று தேறிய வழிகள் இருக்கின்றன. அடிபட்டதால் ஒரே இடத்தில் தமனி அடைபட்ட, வேறு நோயில்லாத இளைஞர் விதிவிலக்கு. அவருக்குத் தமனியைச் சீராக்குவது பற்றி யோசிக்கலாம்.

பூட்டு விழாவிட்டால்

ஆணுறுப்பிலிருந்து திரும்பும் ரத்தம் பெரும்பாலும் மேல்புறத்தில் நடுவாக ஓடும் ஆழ்சிரையில் சேர்ந்து, புராஸ்டேட்டைச் சுற்றியுள்ள சிரைவலைக்குள் போய், அங்கிருந்து உள் இலியாக் சிரைக்குப் போகிறது. ஒழுகும் சிரையை அடைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இயல்பானது. பசையும் காயிலும் வைத்து அடைத்தும் பார்க்கிறார்கள். சிலருக்குப் பலன் கிடைக்கிறது. ஆனால் பூட்டு பஞ்சில் இருக்கிறது என்று பார்த்தோமே, அதை மறக்கக் கூடாது. பஞ்சு தளரவில்லை, உப்பவில்லை என்றால் ஒரு சிரையை அடைத்ததும் ரத்தம் பக்கத்துச் சிரையைத் தேடிக்கொள்ளும். ஒழுக்கு பெரும்பாலும் விளைவு, காரணம் வேறு. இந்த ஒரு சிகிச்சையை விளம்பரப்படுத்தி உறுதிமொழி கொடுப்பவர்களிடம் மட்டும் நிதானமாக இருக்க வேண்டும்.

வரத்து கட்டுமீறினால்

இருசக்கர வண்டியின் கம்பியிலோ மதில் விளிம்பிலோ கால்களை விரித்தபடி விழுந்து, அடி சரியாக அந்த இடத்தில் பட்டால் கேவர்னோசல் தமனி கிழிந்து பஞ்சுக்குள் நேரடியாக ரத்தம் கொட்டத் தொடங்கும். உறுப்பு அரைகுறை விறைப்பில் நாள்கணக்காக நிற்கும், வலி இருக்காது. உள்ளே இருக்கும் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் ஆக்சிஜன் நிறைந்து செக்கச்செவேலென்று இருக்கும். இது அவசரம் இல்லை. பலருக்குத் தானே சரியாகிவிடும். ஆகாவிட்டால் கதீட்டரைக் கிழிந்த கிளை வரைக்கும் கொண்டுபோய், சில வாரங்களில் கரைந்துவிடும் ஜெலட்டின் பஞ்சை வைத்து அடைக்கிறார்கள். கிழிசல் ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கிறது, தமனியும் பிறகு திறந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது.

இதற்கு நேரெதிர் வலியோடு நிற்கும் விறைப்பு. அதில் ரத்தம் போகவும் முடியாமல், புதிதாக வரவும் முடியாமல் கறுத்துத் தேங்கி நிற்கும். நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும். நேரம் போகப் போகத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

விந்தகத்தின் நீண்ட குழாய்

விந்தகம் மட்டும் உள் இலியாக்கின் பொறுப்பில் இல்லை என்று சொன்னேன். கரு வளரும்போது விந்தகம் உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் கீழே இறங்கி விதைப்பைக்கு வருகிறது. இறங்கும்போது தன் ரத்தக்குழாயையும் இழுத்துக்கொண்டே வருகிறது. அதனால் விந்தகத்துக்கான தமனி, சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றே கீழே பெருந்தமனியிலிருந்து நேரடியாகக் கிளம்புகிறது. சிரையும் அவ்வளவு தூரம் மேலே ஏறித் திரும்புகிறது.

சிரைகள் விந்தகத்தைவிட்டுக் கிளம்பும்போது ஒரே குழாயாக இருப்பதில்லை. தமனியைக் கொடிபோலச் சுற்றிப் பின்னிய வலையாக இருக்கின்றன. தமனியில் இறங்கும் சூடான ரத்தம் தன் வெப்பத்தைச் சுற்றியிருக்கும் குளிர்ந்த சிரை ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டு விந்தகத்தை அடைகிறது. விந்தகம் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும். இந்த வலை அதற்கான ஏற்பாடு. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் ஒரு கணம் நின்று வியக்கத்தான் தோன்றுகிறது.

வலப்பக்கச் சிரை, உடலின் கீழ்ப்பெருஞ்சிரையில் சாய்வாகப் போய்ச் சேர்கிறது. இடப்பக்கச் சிரை இன்னும் நீளமானது. இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. அந்தச் சிறுநீரகச் சிரையும் பெருந்தமனிக்கும் குடல் தமனிக்கும் நடுவே நெருக்கப்பட்டு ஓடுகிறது. நீளம், முட்டும் கோணம், மேலே நெருக்கம். இதற்கு மேல் சிரையின் வால்வுகளும் பழுதானால் ரத்தம் கீழே பின்வாங்கி, அந்த வலை விரிந்து முறுக்கிக்கொள்கிறது. இதுதான் வேரிகோசீல். காலில் வரும் நரம்பு சுருட்டலின் உறவுதான். கையில் தட்டுப்படுபவை பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே வருவதற்குக் காரணம் இந்த அமைப்புதான். வலப்பக்கம் மட்டும் புதிதாக வந்தாலோ, படுத்தாலும் வடியாமல் நின்றாலோ வயிற்றுக்குள் சிரையை எதாவது அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு வேரிகோசீல் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை; சிகிச்சையும் வேண்டாம். குழந்தையின்மைக்குப் பரிசோதனைக்கு வரும் ஆண்களிடம் இது 35 முதல் 40 சதவீதம். கையில் தட்டுப்படும் வேரிகோசீலும், குறைபாடுள்ள விந்துப் பரிசோதனை முடிவும் சேர்ந்தே இருந்தால் சிகிச்சை பற்றிப் பேசலாம். விடாத வலி, வளரும் பையனுக்கு அந்தப் பக்க விந்தகம் சிறுத்துப்போவது, இவையும் காரணங்கள். ஸ்கேனில் மட்டும் தெரியும் சின்ன வேரிகோசீலுக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

அடைக்கும் சிகிச்சையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நோயாளி விழித்தே இருக்கிறார். கழுத்தில் வலப்பக்கம் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்குள்ள சிரையில் கதீட்டர் நுழைகிறது. மேற்பெருஞ்சிரை, இதயத்தின் வலது மேலறை, கீழ்ப்பெருஞ்சிரை என்று இறங்கி, இடது சிறுநீரகச் சிரைக்குள் திரும்புகிறது. "மூச்சைப் பிடிச்சு முக்குங்க" என்கிறார் மருத்துவர். நோயாளி முக்க, சாயம் உள்ளே போக, மேலே போக வேண்டிய ரத்தம் விந்தகத்தை நோக்கிக் கீழே சறுக்குவது திரையில் கறுப்பு ஓடையாகத் தெரிகிறது. பழுது உறுதியாகிவிட்டது. கதீட்டர் அந்த ஓடை வழியே இடுப்பு மடிப்பு வரை இறங்குகிறது. அங்கே ஒரு காயில் சுருண்டு உட்காருகிறது. அப்புறம் சிரையைச் சுருங்கவைக்கும் மருந்து நுரையாக உள்ளே போகிறது. அது விதைப்பைக்குள் இறங்கிவிடாதபடி இடுப்பு மடிப்பை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கிறார்கள். பக்கத்தில் ஓடும் மெல்லிய துணைச்சிரைகளை விட்டுவிட்டால் நாளைக்கு அவையே பெருத்து நோய் திரும்பும். நுரை அவற்றையும் எட்டிவிடும். மேலே இன்னொரு காயில். தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சில நாள் முதுகிலோ அடிவயிற்றிலோ மந்தமான வலி இருக்கலாம்.

சிரையையே அடைத்துவிட்டால் விந்தகத்தின் ரத்தம் எப்படித் திரும்பும் என்று பலரும் பயத்தோடு கேட்கிறார்கள். விந்துக்குழாயை ஒட்டியும், விந்தகத்தைத் தாங்கும் தசையை ஒட்டியும் வேறு சிரைகள் இருக்கின்றன. அவை வேறு வழியாக இடுப்புச் சிரைகளுக்குப் போய்விடும். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 70 நாள்களுக்கு மேல் ஆகும். அதனால் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் பொறுத்துத்தான் விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு முன்னால் எடுத்துப் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம்.

புராஸ்டேட்டும் அதன் அக்கம்பக்கமும்

வயதானவர்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கும் இன்று தமனியை அடைத்துச் சிகிச்சை செய்கிறார்கள். சிறுநீர்ப் பிரச்சினைதானே, இங்கே ஏன் என்று தோன்றலாம். புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் வழக்கமான அறுவைசிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. அதை விரும்பாதவர்கள் கேட்கும் மாற்றுவழிகளில் இது ஒன்று. 2000-இல் புராஸ்டேட்டில் ரத்தக்கசிவை நிறுத்துவதற்காகத் தமனியை அடைத்த ஒரு நோயாளிக்கு, வீக்கத்தின் தொல்லையும் குறைந்ததை டிமெரிட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் பதிவுசெய்தார்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் கார்னவாலே என்ற மருத்துவரின் குழுவினர் 2008-இல் வீக்கத்துக்கென்றே இதைச் செய்யத் தொடங்கினார்கள். சிறுநீர் வேகத்தை அதிகரிப்பதில் அறுவைசிகிச்சையே இன்னும் ஒரு படி மேல். விந்து வெளியேறுவதைக் காப்பதில் அடைப்புச் சிகிச்சை மேல். எது முக்கியம் என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

சிக்கல் எல்லாம் வழியில்தான். புராஸ்டேட்டுக்குப் பக்கத்துக்கு ஒன்றாகத் தமனி வருகிறது, சிலருக்கு ஒரே பக்கத்தில் இரண்டு. 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமன். அது எங்கிருந்து கிளம்பும் என்பதற்கு ஒரே விதி இல்லை. சிறுநீர்ப்பைத் தமனியோடு ஒட்டிக் கிளம்பலாம், தொடையின் உட்புறத்துக்குப் போகும் அப்டியூரேட்டர் தமனியிலிருந்து வரலாம், நாம் முதலில் பார்த்த பியூடெண்டல் தமனியிலிருந்தே பிரியலாம். அதோடு முடியவில்லை. அந்தத் தமனியிலிருந்து மயிரிழை போன்ற இணைப்புகள் மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் ஆணுறுப்புக்கும் ஓடுகின்றன. அடைக்கப் போடும் துகள்கள் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் அளவுள்ள சின்ன உருண்டைகள். அவை ரத்தம் போகும் பக்கமெல்லாம் போகும். வழிதவறி ஆணுறுப்பு பக்கம் போனால் மொட்டில் புண் வரும்.

அதனால் இந்தச் சிகிச்சையில் மருத்துவரின் கை அதிக நேரம் சும்மாதான் இருக்கிறது. கண்தான் வேலை செய்கிறது. மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ போன பெரிய கதீட்டருக்குள்ளிருந்து 1 மில்லிமீட்டரைவிட மெல்லிய இன்னொரு கதீட்டர் புராஸ்டேட் தமனிக்குள் நுழைந்து நிற்கிறது. துகள் இன்னும் ஊசிக்குழலிலேயே இருக்கிறது. முதலில் கொஞ்சம் சாயம். எக்ஸ்ரே கருவி நோயாளியைச் சுற்றிவந்து முப்பரிமாணப் படம் எடுக்கிறது. புராஸ்டேட்டின் பாதி பனிமூட்டம் போல நிறைகிறது. அதன் கீழ் ஓரத்திலிருந்து ஓர் இழை மட்டும் விலகி, ஆணுறுப்பை நோக்கி இறங்குகிறது. அதைக் கண்டதும் எல்லாம் நிற்கிறது. அந்த இழையின் வாயில் ஒரு குட்டிக் காயிலை வைத்து மூடிவிட்டு, மறுபடி சாயம் விட்டுப் பார்க்கிறார்கள். இழை தெரியவில்லை. இப்போதுதான் துகளை, மெதுவாக, தள்ளத் தொடங்குகிறார்கள்.